சீருடை போட்டவனுக்கு வாய் இல்லையா?



ஒரு நிமிடம் இதை உங்கள் வீட்டில் நடப்பதாக நினைத்துப் பாருங்கள்.

உங்கள் மகன் இராணுவத்தில் இருக்கிறான். அமைதி காக்கும் படையோடு வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறான். வீட்டில் அம்மா மட்டும். ஒரு நாள் தபால்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து பதிவுத் தபால் ஒன்றைக் கொடுக்கிறார். மலாய்மொழியில் பத்துப் பக்கம். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்குகிறார். மகனுடைய பெயர் போட்டிருக்கிறது, முக்கியமான கடிதமாகத்தான் இருக்கும் என்று சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைக்கிறார். பையன் வந்ததும் பார்த்துக்கொள்வான் என்று நினைக்கிறார்.

அது நீதிமன்றச் சம்மன்! பழைய கார்க் கடன், அல்லது உத்தரவாதக் கையெழுத்து, அல்லது அண்ணன் தம்பி வீட்டுத் தகராறு. ஏதோ ஒன்று. நம் நாட்டு நீதிமன்ற விதிகளின்படி சம்மன் கையில் கிடைத்த 14 நாளுக்குள் எதிர்வாதி தான் வழக்காட வருவதாகப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் எதிர்த்தரப்பு ஒருதலைத் தீர்ப்பு கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். சாட்சி வேண்டாம், குறுக்கு விசாரணை வேண்டாம், ஒரு கேள்வி கூட வேண்டாம்.

மகன் திரும்பி வருகிறான். நெஞ்சில் பதக்கம். வீட்டுக் கதவில் ஏல நோட்டீஸ்!

இது நியாயமா? நாட்டின் பேரைக் காப்பாற்றப் போனவன், தன் பேரைக் காப்பாற்ற நீதிமன்றத்துக்கு வர முடியவில்லை. வராதது அவன் குற்றமா? அவனை அனுப்பியது யார்? அரசாங்கம். அவன் வரவில்லை என்று தீர்ப்புச் சொன்னது யார்? அதே அரசாங்கத்தின் நீதிமன்றம்! ஒரு கை பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. இன்னொரு கை, ஏன் வரவில்லை என்று கன்னத்தில் அறைகிறது.

இதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

இது சலுகை அல்ல, உரிமை!

"கேட்டால் நீதிபதி தேதி தள்ளிப்போட மாட்டாரா?" என்று சிலர் கேட்பீர்கள். போடலாம். போடாமலும் இருக்கலாம். வழக்கை ஒத்திவைப்பது நீதியின் நலனுக்கு ஏற்றது என்று நீதிபதி கருதினால் ஒத்திவைக்கலாம் என்பதுதான் நம் விதி. அது அவருடைய விருப்புரிமை. முதலில், கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். கேட்க வேண்டியவனோ கடல் தாண்டி இருக்கிறான். வழக்கறிஞர் வைத்தவனுக்கு வழக்கறிஞர் கேட்பார். வைக்காதவனுக்கு யார் கேட்பது?

மேலதிகாரிகளுக்கு வழக்கறிஞர் நண்பர்கள் இருப்பார்கள். மாட்டிக்கொள்வது யார்? சாதாரணப் படைவீரன், லான்ஸ் கோப்பரல், தோட்டத்தில் பிறந்து தாமானில் வாடகை வீட்டில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. "இராணுவத்தில் நம்மவர்கள் குறைவு, நம் பிள்ளைகள் சேர வேண்டும்" என்று மேடையில் முழங்குகிறோமே! சேர்ந்த பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்று எப்போதாவது கேட்டோமா?

பெரிய மனசு பண்ணிக் கொடுப்பது சலுகை. சட்டப் புத்தகத்தில் எழுதிக் கொடுப்பது உரிமை. சலுகையை இன்றைக்குத் தருவார்கள், நாளைக்குப் பிடுங்குவார்கள். சிறுபான்மையினராகிய நமக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் போட்ட சட்டம்

இது ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த கோரிக்கை என்று நினைக்காதீர்கள். நூறு ஆண்டுக்கு முன்பே, நம் தாத்தாக்களை ஆண்ட அதே பிரிட்டிஷ் அரசு இதைச் செய்தது!

முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஏராளமானோர் விவசாயக் குடும்பத்தவர்கள். ஊரில் நிலம் உண்டு. நிலம் இருந்தால் வழக்கும் உண்டு. சிப்பாய் மெசப்பொட்டேமியாவில் மணலில் கிடக்கும்போது பங்காளி ஊரில் வழக்குப் போட்டு நிலத்தை எழுதி வாங்கினால் என்ன ஆகும்? அடுத்த முறை எவன் பட்டாளத்தில் சேருவான்? வெள்ளைக்காரனுக்கு இது நன்றாகப் புரிந்தது. 1918ல் ஒரு சட்டம் கொண்டு வந்தான். பிறகு அதைத் திருத்தி எழுதியதுதான் 1925ஆம் ஆண்டின் இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? கவனமாகப் படியுங்கள்.

வழக்குப் போடுகிறவன், எதிராளி போர்ச் சூழலிலோ விசேடச் சூழலிலோ பணியாற்றும் சிப்பாய் என்று நம்பக் காரணம் இருந்தால், அதை வழக்கு மனுவிலேயே சொல்லியாக வேண்டும். மறைக்கக் கூடாது.

சிப்பாய்க்கு யாரும் ஆஜராகவில்லையா? மாவட்டக் கலெக்டரே நீதிமன்றத்துக்கு எழுதலாம்: இந்த ஆள் என் மாவட்டத்துக்காரன், பணியில் இருக்கிறான், வர முடியாது என்று.

நீதிமன்றம் உரிய அதிகாரிக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். சிப்பாய் அப்படிப்பட்ட பணியில்தான் இருக்கிறான், நீதியின் பொருட்டு ஒத்திவைப்பு தேவை என்று அந்த அதிகாரி சான்று கொடுத்தால் நீதிமன்றம் ஒத்திவைத்தே ஆக வேண்டும். "ஒத்திவைக்கலாம்" அல்ல, "ஒத்திவைக்க வேண்டும்"!

இதையெல்லாம் மீறி ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டதா? திரும்பி வந்து மனுப் போட்டு அதை ரத்து செய்யக் கேட்கலாம். பணியில் இருந்த காலத்தை வழக்குக் காலக்கெடுவில் கழித்துவிடுவார்கள்.

1925ல்! காலனி ஆட்சியில்! சுதந்திர இந்தியாவும் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறியவில்லை, தன் சட்டமாக வைத்துக்கொண்டது.

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். அதே காலத்தில் அதே வெள்ளைக்காரன் இன்னொரு கூட்டத்தையும் கப்பலேற்றினான். கங்காணி கூட்டி வந்த நம் பாட்டன் பாட்டி கூட்டம்! அவர்களுக்கும் ஊரில் அரை ஏக்கர், கால் ஏக்கர் இருந்திருக்கும். அவர்கள் இங்கே பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது அங்கே அந்த நிலத்துக்கு என்ன ஆனது? அவர்களுடைய வழக்கை எந்தக் கலெக்டர் ஒத்திவைத்தார்? 1925 சட்டம் சிப்பாய்க்கு மட்டும்தான். துப்பாக்கி பிடித்தவன் கடல் தாண்டினால் சட்டம் காத்திருந்தது. உளி பிடித்தவன் கடல் தாண்டினால் காத்திருக்கவில்லை.

ஏன் தெரியுமா? சிப்பாய் அவர்களுக்குத் தேவைப்பட்டான், மீண்டும் மீண்டும் தேவைப்பட்டான். சட்டம் இரக்கத்தில் பிறக்கவில்லை, தேவையில் பிறந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடியும் வருவோம்.

அமெரிக்காவில் நடந்தது

இன்று இந்த விஷயத்தில் விரிவான சட்டம் வைத்திருக்கும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா. உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே அங்கே இதைப் பற்றிப் பேசிவிட்டார்கள். 1918ல் ஒரு சட்டம், 1940ல் ஒரு சட்டம். பிறகு ஈராக் போர் தொடங்கிய 2003ஆம் ஆண்டு டிசம்பரில் அதைப் புதுப்பித்து, படைச் சேவையாளர் சிவில் நிவாரணச் சட்டம் என்று கொண்டு வந்தார்கள்.

அதன்படி, பணியில் இருக்கும் வீரர் இரண்டு கடிதம் கொடுக்க வேண்டும். ஒன்று, தன் பணி எப்படித் தன்னை நீதிமன்றத்துக்கு வரவிடாமல் தடுக்கிறது, எப்போது வர முடியும் என்று அவர் எழுதுவது. இன்னொன்று, ஆமாம், பணி தடுக்கிறது, விடுப்புக் கொடுக்க முடியாது என்று மேலதிகாரி எழுதுவது. இரண்டும் வந்தால் நீதிமன்றம் குறைந்தது 90 நாள் வழக்கை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு மேலும் கேட்டு, நீதிபதி மறுத்தால், அந்த வீரருக்காக வழக்கறிஞர் ஒருவரை நீதிமன்றமே நியமிக்க வேண்டும்.

எதிர்வாதி வராமலே தீர்ப்புக் கேட்கிறவன், அவர் படையில் இருக்கிறாரா இல்லையா என்று சத்தியக் கடிதம் தாக்கல் செய்ய வேண்டும். தெரிந்தே பொய் சொன்னால் குற்றம், சிறைக்குப் போகலாம். குற்றவியல் வழக்குக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சிவில் வழக்கு, நிர்வாக விசாரணை இரண்டுக்கும் மட்டும்தான். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்குக்கும் இது உண்டு என்று 2008ல் தெளிவாக எழுதிச் சேர்த்தார்கள். காரணம், ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போன தாய் தகப்பன்கள் திரும்பி வந்து பிள்ளையைக் கேட்டபோது, நீ வீட்டில் இல்லையே என்ற பதிலைக் கேட்க வேண்டி வந்ததுதான்.

"ஆகா, அமெரிக்காவைப் பார், எவ்வளவு நல்ல நாடு!" என்று சொல்லப் போகிறோம் என்று நினைத்தீர்களா? இல்லை. அந்த ஏமாளித்தனம் நமக்கு வேண்டாம்.

சட்டம் இருந்தும் என்ன நடந்தது? 2011ல் அமெரிக்க நீதித்துறை, பேங்க் ஆஃப் அமெரிக்காவின் கீழிருந்த வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றின் மீது நடவடிக்கை எடுத்தது. சுமார் 160 படைவீரர்களின் வீடுகளை நீதிமன்ற உத்தரவு இல்லாமலே பறிமுதல் செய்திருந்தார்கள்! 2 கோடி டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்தார்கள். அதே ஆண்டு ஜேபி மோர்கன் சேஸ் வங்கி, ஆயிரக்கணக்கான படைவீரர்களிடம் சட்டம் அனுமதித்த 6 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கியதையும், சிலருடைய வீட்டைத் தவறாகப் பறித்ததையும் ஒப்புக்கொண்டது. 2016ல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, 413 கார்களை இழுத்துக்கொண்டு போனதற்காக 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது.

பார்த்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை கொடி பிடித்து "எங்கள் வீரர்களை வணங்குகிறோம்" என்று விளம்பரம் போடும் பணமுதலைகள், திங்கட்கிழமை வீரனின் வீட்டுப் பூட்டை உடைக்கிறார்கள். சட்டம் இருப்பது முதல் படி. அதை அமல் செய்ய ஒரு கண்காணிப்பு இருப்பது இரண்டாவது படி. முதல் படி இருந்ததால்தான் அங்கே அந்த வங்கிகளைக் கூண்டில் ஏற்ற முடிந்தது. அதுவும் இல்லாத இடத்தில் என்ன செய்வீர்கள்?

"இதை வைத்து ஏமாற்றுவார்களே!"

இதுதான் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஒளிந்துகொள்ள நினைக்கிறவன் சீருடைக்குள் ஒளிந்துகொள்ள மாட்டானா?

முயற்சி செய்தார்கள். இரண்டு உதாரணம் சொல்கிறோம்.

1943ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு பூன் என்ற இராணுவக் கேப்டனின் வழக்கு வந்தது. மகள் பெயரில் இருந்த அறக்கட்டளைப் பணத்துக்குக் கணக்குக் கேட்டு அவர் மீது வழக்கு. இராணுவத்தில் இருக்கிறேன், ஒத்திவையுங்கள் என்றார். அவர் இருந்தது போர்முனையில் அல்ல, வாஷிங்டனில் ஓர் அலுவலகத்தில்! அவரே ஒரு வழக்கறிஞர்! நீதிமன்றம் மறுத்தது. இந்தச் சட்டத்தை வீரனுக்குச் சாதகமாகத் தாராளமாகவே பார்க்க வேண்டும் என்று சொன்ன அதே தீர்ப்பில், பணி உண்மையிலேயே தடுக்கிறதா என்று பார்க்கும் உரிமை நீதிபதிக்கு உண்டு என்றும் சொன்னது.

இரண்டாவது உதாரணம் இன்னும் வேடிக்கை. அதிபர் கிளிண்டன் மீது போலா ஜோன்ஸ் தொடுத்த பாலியல் தொல்லை வழக்கில், அதிபர் படைகளின் தலைமைத் தளபதி, ஆகவே 1940 சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கும் பொருந்தும் என்ற வாதத்தை அவருடைய வழக்கறிஞர்கள் 1996ல் லேசாக நீட்டிப் பார்த்தார்கள். முன்னாள் படைவீரர்கள் கொதித்துப்போனார்கள். வாதத்தைச் சுருட்டிக்கொண்டார்கள். 1997ல் வழக்கு நடக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது.

ஆக, ஏமாற்றுவதைத் தடுக்க வழி இருக்கிறது. மேலதிகாரியின் சான்று, குறிப்பிட்ட காலம், நீதிபதியின் பரிசோதனை. திருடன் வருவான் என்று கதவே வைக்காமல் வீடு கட்டுகிறோமா? பூட்டு வைக்கிறோம்.

இன்னொரு எதிர்ப்பும் உண்டு. இது நம் சகோதரிகளிடமிருந்து வரும், வர வேண்டும். "என் புருஷன் இராணுவத்தில் இருக்கிறான், ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறேன். அவன் எல்லையில் இருக்கிறான் என்று ஒத்திவைத்துக்கொண்டே போனால் என் பிள்ளைக்குப் பால் மாவு யார் வாங்கித் தருவது?"

தாயே, நீங்கள் கேட்பது நூற்றுக்கு நூறு சரி. எதிர்த்தரப்பில் இருப்பவர் எப்போதும் வங்கி முதலாளி அல்ல. பல வேளைகளில் உங்களைப் போன்ற ஓர் ஏழைப் பெண்தான். அதனால்தான் சொல்கிறோம்: ஒத்திவைப்பது இறுதி விசாரணையை மட்டும்தான், பிள்ளையின் சாப்பாட்டை அல்ல. வீரனுக்குச் சம்பளம் மாதா மாதம் வருகிறது, பசியும் மாதா மாதம் வருகிறது. இடைக்கால ஜீவனாம்சத்தைச் சட்டத்திலேயே விலக்கிவைக்க வேண்டும். இது இல்லாத எந்தச் சட்டத்தையும் நாம் ஆதரிக்கப் போவதில்லை.

நம் ஊருக்கு இது ஏன் வேண்டும்?

"நமக்கு இராணுவமே பெரிசு இல்லை, இது எதற்கு?" என்பவர்களுக்கு.

சிங்கப்பூரில் இருக்கும் வாசகர்களே! உங்களுக்கு இது தூரத்து விஷயமே அல்ல. 1967ல் தேசிய சேவை கட்டாயமானது. தமிழன், மலாய்க்காரர், சீனர் என்ற பேதமில்லாமல் ஒவ்வோர் ஆண் பிள்ளையும் இரண்டு ஆண்டு கொடுக்க வேண்டும். அதோடு முடிகிறதா? அதற்குப் பிறகும் ஆண்டுக்கு 40 நாள் வரை ரிசர்வ் பயிற்சிக்கு அழைக்கப்படலாம். முதலாளி விடுப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்லது. முதலாளியைக் கட்டாயப்படுத்தத் தெரிந்த சட்டத்துக்கு, வழக்குப் போட்டவனைக் கொஞ்ச நாள் காத்திரு என்று அதே அழுத்தத்தோடு சொல்வதில் என்ன கஷ்டம்? வேலை எவ்வளவு முக்கியமோ, வீடும் பிள்ளையும் மானமும் அவ்வளவு முக்கியம் இல்லையா?

மலேசிய வாசகர்களே! 2004ல் நம் 18 வயதுப் பிள்ளைகளைக் கணினி பெயர் பொறுக்கி மூன்று மாதம் தேசிய சேவைப் பயிற்சிக்கு அனுப்பியது ஞாபகம் இருக்கிறதா? போகாவிட்டால் குற்றம். 2018ல் அதை நிறுத்தினார்கள். 2025ல் புது வடிவில் மறுபடியும் தொடங்கினார்கள். அது தவிர நிரந்தரப் படை, வத்தானியா தொண்டர் படை. 1993ல் சோமாலியாவுக்கும் போஸ்னியாவுக்கும், 2007 முதல் லெபனானுக்கும் நம் நாட்டு வீரர்கள் போனார்கள். அரசாங்கம் அழைத்தால் போக வேண்டும். அழைக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்றால், அழைக்கப்பட்டவனின் இடத்தைக் காத்து வைக்கும் கடமையும் அரசுக்கு உண்டு. உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு கடமையைக் காற்றில் விடுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1997ல் எவரெஸ்ட் ஏறப் போன முதல் மலேசியக் குழுவில் இருந்த இராணுவ வீரர் மூர்த்தியை மறந்துவிட்டீர்களா? 1998ல் இராணுவப் பயிற்சியில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2005 டிசம்பர் 20ஆம் தேதி இறந்தார். அவர் மதம் மாறியிருந்தார் என்று ஷரியா நீதிமன்றம் இரண்டே நாளில் தீர்ப்புச் சொன்னது. அந்த விசாரணையில் இந்துவான அவர் மனைவியின் தரப்பைக் கேட்கவில்லை! மனைவி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அரசியல் சட்டத்தின் 121(1A) பிரிவைக் காட்டி, எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று டிசம்பர் 28ஆம் தேதி கையை விரித்தார்கள். அன்றே அடக்கமும் முடிந்தது.

அது பணியில் இருக்கும் வீரனுக்கான ஒத்திவைப்பு வழக்கு அல்ல. அதையும் இதையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆனால், ஒரு தரப்பைக் கேட்காமல் அவசரமாக எழுதப்படும் தீர்ப்பு எப்படி வலிக்கும் என்பதை நமக்குக் கற்றுக்கொடுத்தது அந்த டிசம்பர். நாட்டுக்காக உடம்பைக் கொடுத்த ஒரு வீரரின் குடும்பத்துக்கே ஒரு வாரம் காத்திருக்க நீதிக்கு நேரம் இல்லை. ஆகவேதான் சொல்கிறோம்: "ஆள் வரட்டும், பேசட்டும், பிறகு தீர்ப்புச் சொல்" என்ற நியதிக்காக யார் போராடினாலும் நாம் அவர் பக்கம். இன்று சீருடை போட்டவனுக்காகக் கேட்கிறோம். அந்த நியதி சட்டத்தில் ஊன்றிவிட்டால், நாளை மருத்துவமனையில் கிடப்பவனுக்காகவும், வெளியூரில் கட்டட வேலைக்குப் போனவனுக்காகவும், சம்மன் மொழியே புரியாத பாட்டிக்காகவும் கேட்கலாம்.

வெள்ளைக்காரன் தன் தேவைக்காக வைத்த கதவு அது. அது நமக்கும் வேண்டும் என்று நாம்தான் தட்ட வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

1. எதிர்வாதி வராமலே தீர்ப்புக் கேட்கிறவர், அவர் படையிலோ தேசிய சேவையிலோ இருக்கிறாரா என்று விசாரித்துச் சத்தியக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது கட்டாயமாக, தெளிவாக எழுதப்பட வேண்டும். பொய் சொன்னால் தண்டனை.

2. மேலதிகாரியின் சான்று வந்தால் குறைந்தது 90 நாள் ஒத்திவைப்பு. வீரன் கெஞ்ச வேண்டாம். சான்று கொடுப்பது மேலதிகாரியின் கடமை. பிடித்தவனுக்குக் கொடுப்பது, பிடிக்காதவனுக்கு மறுப்பது என்ற கதை கூடாது. மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும்.

3. வழக்கறிஞர் இல்லாத வீரனுக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர்.

4. பணி முடிந்து திரும்பியவன் ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க, திரும்பிய நாளிலிருந்து அவகாசம். இன்று நம் விதியில் உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 30 நாள். அந்த உத்தரவும் சாமி படத்துக்குப் பின்னால் போனால் என்ன கதி?

5. இடைக்கால ஜீவனாம்சமும் குடும்ப வன்முறைப் பாதுகாப்பு உத்தரவும் எந்தக் காரணத்துக்காகவும் ஒத்திவைக்கப்படக் கூடாது.

இதில் எது அதிகம்? எது நடக்காத காரியம்? இந்த ஐந்தில் பெரும்பகுதியை 1925ல் மாட்டு வண்டிக் காலத்தில் செய்தார்கள். கணினி, கைத்தொலைபேசி, காணொளி விசாரணை எல்லாம் வந்த பிறகு நம்மால் முடியாதா?

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. படையிலோ சேவையிலோ பிள்ளை இருக்கும் பெற்றோர்களே, இதைப் படித்துக் காட்டுங்கள், வெட்டி வையுங்கள்.

நீதிமன்ற முத்திரையோடு எந்தக் கடிதம் வந்தாலும் அன்றே பிரித்துப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அன்றே கொண்டுபோங்கள். பதிவுத் தபால் மூலம் சம்மன் அனுப்ப நம் விதிகள் இடம் கொடுக்கின்றன. ஆகவே நீங்கள் போடும் கையெழுத்துக்கு விலை உண்டு. வாங்கிய தேதியைக் கடித உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.

பிள்ளை பணிக்குக் கிளம்பும் முன் அவனுடைய பணி உத்தரவின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். ஒத்திவைக்கக் கேட்க அந்த ஒரு தாள்தான் ஆதாரம். தம்பிமார்களே, வழக்கு இருக்கிறது என்று தெரிந்தால் முகாமில் வெட்கப்படாமல் மேலதிகாரியிடம் எழுத்தில் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னது காற்றோடு போய்விடும். சிங்கப்பூரில் ரிசர்வ் அழைப்பும் வழக்குத் தேதியும் மோதினால், பயிற்சியைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம். அதை உடனே செய்யுங்கள், நீதிமன்றத்துக்கும் தெரிவியுங்கள்.

பணம் இல்லை என்று வழக்கறிஞரைப் பார்க்காமல் இருக்காதீர்கள். மலேசியாவில் சட்ட உதவித் துறையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. சிங்கப்பூரில் சட்ட உதவிக் கழகம் இருக்கிறது. தீர்ப்பே வந்துவிட்டதா? அப்போதும் எல்லாம் போய்விடவில்லை. ரத்து செய்யக் கேட்கலாம். தாமதத்துக்கு நியாயமான காரணமும், வழக்கில் சொல்ல ஒரு பதிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதமும் உங்களுக்கு எதிரான சாட்சி.

கடைசியாக...

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை அடுத்த முறை கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ பார்ப்பீர்கள். சால்வை போர்த்துவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "ஐயா, என் பையன் பட்டாளத்தில் இருக்கும்போது அவன் மேல் வழக்கு வந்தால், அவன் வரும்வரை நீதிமன்றம் காத்திருக்குமா? அது எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?"

பதில் வந்தால் எழுதி வாங்குங்கள். சிரித்து மழுப்பினால் அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் வரும்.

வீரனுக்குச் சிலை வைக்க ஆளுக்கு ஆள் போட்டி போடுவார்கள். நாம் கேட்பது சிலை அல்ல. அவன் திரும்பி வரும்போது அவன் வீடு அங்கேயே இருக்க வேண்டும், அவன் பிள்ளை அவனை அப்பா என்று கூப்பிட வேண்டும், அவன் தரப்பை ஒரு நீதிபதி காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்!

சிந்தியுங்கள் உறவுகளே! பேசுங்கள்! பத்துப் பேரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள்!